கானிடம் போய் உயிரோடு திரும்புவது எப்படி: ஒரு ரஷ்ய இளவரசருக்கான கைக்குறிப்பு

முதலில் உயில் எழுதுங்கள். கிளம்புகிற அன்று காலையில் அவசர அவசரமாக இல்லை, மூட்டை கட்டத் தொடங்கும்போதே. மாஸ்கோவின் இவான் கலிதா அப்படித்தான் செய்தார். அவர் உயில் இன்றும் இருக்கிறது. ஓர்தாவுக்கு, அதாவது ரஷ்யாவை அடக்கியாண்ட மங்கோலியக் கானின் அரசவைக்கு, போகும் வேளையில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், தெளிந்த புத்தியோடும் நல்ல உடம்போடும் எழுதுகிறேன் என்று அது தொடங்குகிறது. தங்கச் சங்கிலி யாருக்கு, தங்க அரைக்கச்சை யாருக்கு, முத்து பதித்த கிண்ணம் யாருக்கு, எந்தக் கிராமம் எந்த மகனுக்கு, மனைவிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் என்ன என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போகிறார். அப்புறம் ஒரு ஷரத்து வருகிறது. என் பாவத்தின் பலனாகத் தாத்தார்கள் (மங்கோலியரை ரஷ்யர்கள் அழைத்த பெயர்) இந்த ஊர்களில் எதையாவது பிடுங்கிக்கொண்டால், மீதி இருப்பதை நீங்கள் மறுபடி பங்கு பிரித்துக்கொள்ளுங்கள் என்கிறார். கானிடம் அந்தக் காலத்தில் அவரை விட நல்ல பெயர் வாங்கிய இளவரசர் இல்லை. அவரே இப்படி எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார் என்றால் நீங்களும் எழுதிவிடுவது நல்லது.

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ரஷ்ய வரலாறு படிப்பது என் பொழுதுபோக்கு. மற்றவர்கள் அந்தக் காலத்தைப் புரட்டினால் வாளும் குதிரையும் தேவாலயமும் தெரியும். எனக்குக் கப்பக் கணக்குதான் கண்ணில் படும். அந்த இளவரசர்களில் பெரும்பாலானவர்களின் பிழைப்பும் சாவும் நிலுவைத் தொகையில்தான் இருந்தது என்பது என் கட்சி. அதனால் இந்தக் குறிப்பில் போர்த் தந்திரத்தைத் தேடாதீர்கள். 1320-களில், வோல்கா நதியின் மேற்பகுதியில் ஏதோ ஓர் ஊருக்கு நீங்கள் இளவரசர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததுதான். 1237 டிசம்பரில் மங்கோலியத் தலைவர் பாத்து கானின் படை ரியஸான் நகரத்தை அழித்தது. அடுத்த பிப்ரவரியில் விளாதிமிர் நகரம் விழுந்தது, மார்ச்சில் சீத் ஆற்றங்கரையில் மாமன்னர் யூரி விழுந்தார். 1240 டிசம்பரில் கீவ். 1243-இல் யூரியின் தம்பி யாரொஸ்லாவ் பாத்துவைத் தேடிப் போய்ப் பணிந்து, ரஷ்ய இளவரசர்களில் மூத்தவர் என்ற அங்கீகாரத்தோடு திரும்பினார். அன்றிலிருந்து இதுதான் வழக்கம். கானின் ஆணைப் பத்திரம், அதாவது யார்லிக், கையில் இல்லாமல் விளாதிமிர் பட்டத்தில், அதாவது ரஷ்ய இளவரசர்களின் தலைமைப் பதவியில், உட்கார முடியாது. கான் மாறினால் பழைய பத்திரத்துக்கு மதிப்பில்லை, மறுபடி போக வேண்டும்.

உங்கள் பங்காளி யார் என்று பாருங்கள்

ரஷ்ய மரபில் பட்டம் அப்பாவிடமிருந்து நேராக மகனுக்கு வராது. அண்ணன், அவருக்குப் பின் தம்பி, எல்லாத் தம்பிகளும் முடிந்த பிறகுதான் அண்ணன் பிள்ளைகள். இதில் ஒரு முள் இருக்கிறது. உங்கள் அப்பா விளாதிமிரில் உட்காராமலே செத்துப்போயிருந்தால் உங்கள் கிளைக்கு உரிமை அத்தோடு சரி. மாஸ்கோவின் தனீல் 1303-இல் அப்படித்தான் இறந்தார். ஆகவே அவர் மகன் யூரிக்கு மரபுப்படி வாசல் மூடிவிட்டது. த்வேர் நகரத்து மிகயில் யாரொஸ்லாவிச்சுக்குத்தான் முறையான உரிமை. மிகயில் யூரிக்குச் சித்தப்பா முறை.

இதைப் படித்தவுடன், நான் மிகயில் பக்கம் இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பீர்கள். கொஞ்சம் கானின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். முறையான உரிமை உள்ளவனுக்கு நான் பத்திரம் கொடுத்தால் அவன் எனக்கு என்ன கடன்பட்டான்? அவனுக்கு வர வேண்டியது வந்தது, அவ்வளவுதான். உரிமையே இல்லாதவனுக்குக் கொடுத்தால் அவன் ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்த்துத்தான் பிழைக்க வேண்டும். மாஸ்கோ வளர்ந்த ரகசியத்தில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். 1432-இல் கூட இதே வாதம்தான் ஜெயித்தது. வசீலி என்ற இளைஞனுக்கும் அவனுடைய சித்தப்பா யூரிக்கும் உலூக் முகம்மது கான் முன்னால் வழக்கு. சித்தப்பா பழைய வரலாற்று ஏடுகளையும், இறந்துபோன தன் அப்பாவின் உயிலையும் காட்டினார். வசீலியின் மந்திரி இவான் விசெவலோஷ்ஸ்கி ஏட்டைத் தொடவே இல்லை. அவர் செத்த மனிதனின் உயிலைப் பேசுகிறார், நாங்கள் உங்கள் அருளை மட்டுமே நம்பி வந்திருக்கிறோம் என்றார். பத்திரம் பையனுக்குக் கிடைத்தது.

ஆகவே உங்கள் உரிமை உறுதியாக இருந்தால் அதைக் கான் முன்னால் அதிகம் பேசாதீர்கள்.

வெள்ளி

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் மண்ணில் வெள்ளி கிடையாது. அந்தக் காலத்து ரஷ்யாவில் வெள்ளிச் சுரங்கமே இல்லை. உங்களிடம் இருப்பது காடு. காட்டில் அணில் இருக்கிறது, தேன்கூடு இருக்கிறது. அணில் தோலும் தேன்மெழுகும் வடக்கே நோவ்கொரோத் என்ற வணிக நகரத்தின் சந்தைக்குப் போகும். அங்கே ஜெர்மன் வணிகர்கள் மேற்கிலிருந்து வெள்ளியோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளி கட்டியாக வரும். சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் ஒரு குச்சி, ஏறக்குறைய 200 கிராம். அதற்குப் பெயர் ரூபிள். உங்கள் காலத்தில் ரஷ்யர்கள் யாரும் நாணயம் அடிக்கவில்லை. பெரிய வரவு செலவெல்லாம் இந்தக் கட்டியில்தான். கப்பமும் இதில்தான்.

இதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. யாருக்கு நோவ்கொரோத்தின் மேல் பிடி இருக்கிறதோ அவரால்தான் கப்பத்தை ஒழுங்காகக் கட்ட முடியும். விளாதிமிர் பட்டத்துக்கு இத்தனை அடிதடி எதற்கு என்றால், அந்தப் பட்டத்தில் இருப்பவரைத்தான் நோவ்கொரோத் வழக்கமாகத் தன் இளவரசராக ஏற்கும். பட்டம் வேண்டுமானால் வெள்ளி வேண்டும், வெள்ளி வேண்டுமானால் பட்டம் வேண்டும். கலிதா 1332-இல் ஓர்தாவிலிருந்து திரும்பி வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, காமா நதிக்கு அப்பாலிருந்து வரும் வெள்ளியைக் கொடு என்று நோவ்கொரோத்தைக் கேட்டது. அவர்கள் மறுத்ததும் தொர்ஷோக் ஊரைப் பிடித்து உட்கார்ந்துகொண்டார்.

முன்பெல்லாம் மங்கோலியர் நேரடியாக வசூலித்தார்கள். 1257-இல் கணக்கெடுப்புக்காரர்கள் வந்து ஸூஸ்தல், ரியஸான், மூரம் பகுதிகளில் ஆட்களை எண்ணினார்கள். பத்துப் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஆயிரம், பத்தாயிரம் என்று பொறுப்பாளர்களை நியமித்தார்கள். பாதிரிகளையும் துறவிகளையும் மட்டும் எண்ணவில்லை. கானுக்காக ஜெபம் செய்கிறார்கள் என்பதால் அவர்களுக்கு விலக்கு. 1267-இல் மெங்கு திமூர் கான் அதைப் பத்திரமாகவே எழுதிக் கொடுத்தார். இதற்கிடையே வசூலை ஏலம் எடுத்த முஸ்லிம் வணிகர்கள் வந்தார்கள். கட்ட முடியாதவர்களை அடிமையாக இழுத்துப் போனார்கள். 1262-இல் ரோஸ்தோவ், விளாதிமிர், ஸூஸ்தல், யாரொஸ்லாவ்ல் மக்கள் மணியடித்துக் கூடி அவர்களை விரட்டினார்கள். மேற்பார்வைக்கு பாஸ்காக் என்ற அதிகாரிகள் இருந்தார்கள். உங்கள் காலத்துக்கு வரும்போது அவர்களும் பெரும்பாலும் போய்விட்டார்கள். வசூல் இப்போது இளவரசர் கையில்.

சிலருக்கு இது அவமானமாகத் தோன்றும். கான் கொடுத்ததிலேயே பெரிய வரம் இதுதான் என்பேன். எவ்வளவு வசூலானது என்று உங்களுக்கு மட்டும் தெரியும். எவ்வளவு வந்து சேர்ந்தது என்று மட்டும்தான் கானுக்குத் தெரியும். கலிதா காலத்தில் மாஸ்கோவில் கல் தேவாலயங்கள் எழும்பின. 1339-இல் கிரெம்ளினைச் சுற்றிக் கருவாலி மரச் சுவர் எழுந்தது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று வசூல் மேசையில் உட்கார்ந்து பழகிய எவனும் ஊகித்துவிடுவான். ஆனால் ஒன்று. அவர் தவணையைத் தவறவிடவில்லை. நடுவில் கை வைத்தாலும், மேலே போக வேண்டியது குறித்த காலத்தில் போய்ச் சேர்ந்தது.

தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவருடைய அண்ணன் யூரியே சாட்சி. 1321-இல் த்வேர்க்காரர்கள் தங்கள் பங்குக் கப்பமாக 2,000 ரூபிளை யூரியிடம் கொடுத்தார்கள். அதை அவர் கானின் தூதரிடம் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் பணத்தோடு நோவ்கொரோத்துக்குப் போய்விட்டார். த்வேரின் திமீத்ரி நேராக ஓர்தாவுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். 1322-இல் பட்டம் கைமாறியது. அத்தனை சண்டை, அத்தனை ரத்தம், கடைசியில் ஒரு நிலுவையில் போனது.

ரசீது இல்லாமல் பங்காளியிடம் கப்பம் கொடுக்காதீர்கள். அதே போல, பங்காளியின் கப்பம் உங்கள் வீட்டில் ஒரு மாதம் கூடத் தங்கக் கூடாது.

பயணம்

மாஸ்கோ பக்கம் என்றால் மாஸ்கோ ஆறு, ஒகா, அங்கிருந்து வோல்கா. த்வேர் என்றால் வோல்கா ஊருக்குள்ளேயே ஓடுகிறது. நீரோட்டத்தோடு தெற்கே போனால் ஓர்தாவின் தலைநகர் சராய். போவது சுலபம், திரும்பி வருவது எதிர் நீரோட்டம் என்பதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சராய் சின்ன ஊர் இல்லை. 1330-களில் அங்கே போன மொராக்கோ பயணி இபின் பதூதா காலையில் ஒரு முனையில் குதிரை ஏறினால் மறுமுனையை அடைய உச்சிவேளை தாண்டிவிட்டது என்கிறார். மங்கோலியர், ஆலன்கள், கிப்சாக்குகள், சர்க்காசியர், ரஷ்யர், கிரேக்கர் என்று ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனிப் பேட்டை. 1261 முதல் ஆர்த்தடாக்ஸ் ஆயரும் இருக்கிறார். இறங்கியதும் முதலில் அவரைப் பாருங்கள். யார் செல்வாக்கில் இருக்கிறார்கள், யார் சரிந்துவிட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

கான் ஊரில் இருப்பார் என்று நம்பிவிடாதீர்கள். கோடையில் ஒரு பக்கம், வேட்டைக் காலத்தில் ஒரு பக்கம் என்று போய்க்கொண்டே இருப்பார். இபின் பதூதாவே உங்கள் காலத்துக் கானான உஸ்பெக்கைச் சந்தித்தது சராயில் இல்லை, தெற்கே காகசஸ் மலையடிவாரத்தில். ஒரு நகரமே நகர்ந்து வந்ததாம். வண்டிகளின் மேல் பள்ளிவாசல், கடைத்தெரு, போகிறபோதே சமையல், அதன் புகை வானத்தில் எழும்புகிறது. நீங்கள் அந்த நகரத்தைத் துரத்திக்கொண்டு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். உங்கள் ஆட்களுக்கும் குதிரைகளுக்கும் தீனி, வழியில் ஒவ்வொருவருக்கும் கையூட்டு என்று பணம் கரையும். கடன் கொடுக்க அங்கே வணிகர்கள் தயாராக இருப்பார்கள். அது கடைசி வழியாக இருக்கட்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அன்பளிப்பில் கருமித்தனம் கூடாது. சேபிள் ரோமம், வேட்டை வல்லூறு, வெள்ளிப் பாத்திரம். வல்லூறுக்குத் தனி மதிப்பு உண்டு. வடக்கே பெச்சோராவுக்கு வல்லூறு பிடிக்கப் போகிறவர்களுக்குக் கலிதா தனிச் சலுகைப் பத்திரமே கொடுத்திருக்கிறார். யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். கானுக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் கை கட்டி நிற்பார்கள். கானின் மனைவியர் ஒவ்வொருவருக்கும் தனி முகாம், தனி வருமானம், தனிப் பரிவாரம் இருக்கிறது. பட்டத்து ராணி கூடாரத்துக்கு வரும்போது உஸ்பெக் எழுந்து வாசல் வரை போய் அழைத்து வருவதை இபின் பதூதா பார்த்திருக்கிறார். வாசல் வரை எழுந்து போகிற மனிதரிடம் யார் பேசினால் காரியம் நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் அமீர்கள், அப்புறம் உங்கள் பகுதிக் கணக்கைப் பார்க்கும் அதிகாரி. இந்தக் கடைசி ஆளைக் குறைவாக எடைபோடாதீர்கள்.

கூடாரத்துக்குள்

ஆயுதத்தை வெளியே வையுங்கள். வாசற்படியை மிதிக்காமல் தாண்டுங்கள், அது பெருங்குற்றம். மண்டியிடுங்கள். கேட்டால் மட்டும் பேசுங்கள்.

பாத்து காலத்தில் இதற்கு மேல் ஒரு சோதனையும் இருந்தது. இரண்டு நெருப்புகளுக்கு நடுவே நடந்து, செத்துப்போன செங்கிஸ் கானின் உருவத்தின் முன் வணங்க வேண்டும். 1246 செப்டம்பரில் செர்னிகவ் நகரத்து மிகயில் நெருப்பைத் தாண்டினார் என்றும், பாத்துவையும் அவர் ஆட்களையும் வணங்கத் தயார், செத்தவன் உருவத்தை வணங்க மாட்டேன் என்றார் என்றும் அந்தச் சமயம் போப்பின் தூதராக மங்கோலியரிடம் போய்வந்த கார்ப்பினி பாதிரியார் எழுதுகிறார். வயிற்றில் உதைத்து உதைத்து, கடைசியில் தலையை அறுத்துக் கொன்றார்கள். திருச்சபை அவரைப் புனிதர் ஆக்கியது.

கலீச் நாட்டு தனீலும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் பாத்துவிடம் போனார். அவருக்கு நடந்ததை அவர் நாட்டு வரலாற்று ஏடு விரிவாகச் சொல்கிறது. எங்கள் பானமான கருப்புப் பால், குமிஸ், குடிப்பாயா என்று பாத்து கேட்கிறார். குமிஸ் என்றால் புளிக்க வைத்த குதிரைப் பால். இதுவரை குடித்ததில்லை, நீங்கள் சொன்னால் குடிக்கிறேன் என்று தனீல் குடிக்கிறார். இனி நீ எங்கள் ஆள் என்கிறார் பாத்து. அப்புறம் ராணியிடமும் போய் வணங்கிவிட்டு வருகிறார். பிறகு பாத்துவே, உங்களுக்குக் குமிஸ் பழக்கமில்லை, இதைக் குடியுங்கள் என்று ஒரு குடுவை திராட்சை மது அனுப்புகிறார். பாருங்கள், கொடுமைக்காரர் இல்லை, நல்ல விருந்தோம்பல்காரர்தான். ஏட்டை எழுதியவருக்குத்தான் பொறுக்கவில்லை. தாத்தார் செய்யும் மரியாதை கேட்டிலும் கேடானது என்று புலம்புகிறார். தனீல் நாட்டை இழக்காமல் ஊர் திரும்பினார்.

இருவரில் யார் சரி என்று என்னைக் கேட்காதீர்கள். உங்களை ஊருக்குத் திருப்பி அனுப்புவதுதான் இந்தக் குறிப்பின் வேலை, அதனால் குமிஸைக் குடியுங்கள். குடிப்பதில் ஆபத்தே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1246-இல் யாரொஸ்லாவ் மங்கோலியத் தலைநகர் வரை போனபோது பேரரசரின் தாய் தன் கையாலேயே உணவும் பானமும் கொடுத்தார். கூடாரத்துக்குத் திரும்பியதும் நோயில் விழுந்து ஒரு வாரத்தில் செத்தார், உடம்பு நீலம் பாரித்துவிட்டது என்கிறார் கார்ப்பினி. பேரரசரின் தாய் கையால் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல வழியும் இல்லை.

உஸ்பெக் முஸ்லிம். அவர் அவையில் ரஷ்ய இளவரசர்கள் மேல் வந்த குற்றச்சாட்டுகள் சாமி பற்றியவை அல்ல, கப்பமும் விசுவாசமும் பற்றியவை. இதற்கு த்வேர் மிகயிலின் வழக்கை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தணிக்கைக்காரரைப் பகைக்காதீர்கள்

மாஸ்கோவின் யூரி ஓர்தாவில் இரண்டு வருடம் தங்கி, உஸ்பெக்கின் தங்கை கொன்ச்சாகாவைக் கல்யாணம் செய்துகொண்டார். பட்டத்தையும் வாங்கிக்கொண்டு, கவ்காதி என்ற தூதரையும் ஒரு படையையும் கூட்டிக்கொண்டு த்வேர் மேல் வந்தார். 1317 டிசம்பர் 22 அன்று பொர்த்தெனெவோ கிராமத்தில் மிகயில் அவர்களை முறியடித்தார். யூரி தப்பி ஓடினார். கொன்ச்சாகா பிடிபட்டாள். கவ்காதியை மிகயில் ஊருக்கு அழைத்து வந்து, விருந்து வைத்து, அன்பளிப்போடு வழியனுப்பினார். கொன்ச்சாகா த்வேர் காவலில் இறந்துபோனாள்.

1318-இல் கான் கூப்பிட்டார். பிள்ளைகளும் மந்திரிகளும் போக வேண்டாம், நாங்கள் போகிறோம் என்றார்கள். நான் போகாவிட்டால் ஊர் அழியும் என்று மிகயில் கிளம்பினார். குற்றச்சாட்டு மூன்று: கானின் கப்பத்தைக் கொடுக்கவில்லை, கானின் தூதரோடு போர் செய்தாய், இளவரசியை விஷம் வைத்துக் கொன்றாய்.

என்னை உலுக்கிய இடம் இது. முதல் குற்றச்சாட்டுக்கு மிகயிலிடம் பதில் இருந்தது. கானுக்கும் அமீர்களுக்கும் எவ்வளவு கொடுத்தார் என்பதை ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தார். அதைச் சபையில் சொன்னார். ஆனால் நீதிபதியாக உட்கார்ந்திருந்தது கவ்காதி. சாட்சியும் அவரே. தோற்று, விருந்தாளியாக நடத்தப்பட்டு, அன்பளிப்பு வாங்கிக்கொண்டு போன அதே ஆள். அவமானப்பட்டவனுக்குக் கொடுத்த விருந்து ஒருநாளும் செரிக்காது.

மிகயிலின் கழுத்தில் மரக்கட்டை மாட்டினார்கள். கானின் வேட்டை தெற்கே தெரெக் ஆற்றுப் பக்கம் நகர்ந்தபோது அவரையும் கூடவே இழுத்துப் போனார்கள். கவ்காதி ஒருநாள் அவரைச் சந்தைக்கு வரவழைத்து, கடன் கொடுத்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் மண்டியிட வைத்தார். கடன் வேண்டாம் என்று சொன்னேனே, இதற்குத்தான். நவம்பர் 22 அன்று கொன்றார்கள். உடல் துணியில்லாமல் கிடந்தது. யூரியிடம் கவ்காதியே, இவர் உனக்கு அப்பா ஸ்தானம் இல்லையா, இப்படிப் போட்டு வைத்திருக்கிறாயே என்று கேட்டதாக த்வேர்க்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். யூரி உடலை மாஸ்கோவுக்குக் கொண்டு போய்விட்டார். த்வேர்க்காரர்கள் பேரம் பேசித்தான் வாங்க முடிந்தது.

கணக்கு எழுதி வையுங்கள், நல்லது. ஆனால் கணக்கைப் பார்க்கப் போகிறவர் யார் என்பதையும் பாருங்கள். பழிக்குப் பழி வேண்டாம். மிகயிலின் மகன் திமீத்ரி 1325 நவம்பரில் ஓர்தாவிலேயே யூரியைக் கண்டு, கான் உத்தரவில்லாமல் வெட்டிச் சாய்த்தார். அடுத்த செப்டம்பரில் அவருடைய தலையும் போனது. ஆதாயம் யாருக்கு? மாஸ்கோவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த தம்பி இவான் கலிதாவுக்கு.

ஊரில் தூதர் இருக்கும்போது

யார்லிக் வாங்கித் திரும்பினால் வேலை முடியவில்லை. பின்னாலேயே தூதர் வருவார், அவரோடு ஆட்கள் வருவார்கள், அவர்களுக்குத் தங்க இடம், சோறு, குதிரைத் தீனி எல்லாம் உங்கள் ஊர் தலையில். 1327-இல் த்வேருக்கு வந்தவர் சோல்கான், உஸ்பெக்கின் நெருங்கிய உறவினர். இளவரசரின் அரண்மனையிலேயே குடியேறினார். மக்கள் இளவரசர் அலெக்சாந்தரிடம் முறையிட்டார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். ஆகஸ்ட் 15, சந்தை நாள். தூத்கோ என்ற ஆலய உதவியாளர், இளசான கொழுத்த குதிரை ஒன்றை வோல்காவில் தண்ணீர் காட்ட ஓட்டிப் போனார். தாத்தார்கள் அதைப் பறித்தார்கள். விட்டுவிடாதீர்கள் என்று அவர் கத்தினார். மணி அடித்தது. சாயங்காலத்துக்குள் சோல்கானும் கூட வந்தவர்களும் பிணம்.

ஒரு குதிரையால் ஒரு நாடு போனது. கலிதா ஓர்தாவுக்கு ஓடினார், 50,000 பேர் கொண்ட படையோடு திரும்பி த்வேரைச் சூறையாடினார். சக ரஷ்யர்களை இப்படிச் செய்தாரே என்று இன்றும் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கும் அவரைப் பிடிக்காது. ஆனால் அதன் பின் 40 வருடம் பெரும் அமைதி நிலவியது என்று ஏடு எழுதுகிறது. அந்த அமைதி மாஸ்கோ பக்கத்துக்கு. அலெக்சாந்தர் பிஸ்கோவுக்கு ஓடி, பின்னால் மன்னிப்பு வாங்கி, 1339-இல் மறுபடி அழைக்கப்பட்டு மகனோடு சேர்த்துக் கொல்லப்பட்டார். த்வேர் ஆலயத்து மணியைக் கலிதா மாஸ்கோவுக்குக் கழற்றிக்கொண்டு போனார்.

ஆகவே தூதர் ஊரில் இருக்கும் நாட்களில் சந்தையை ஒத்திப்போடுங்கள். குதிரைகளை ஊருக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். பறிபோன பொருளுக்கு உங்கள் கஜானாவிலிருந்து அன்றைக்கே நஷ்டஈடு கொடுங்கள். சுமையை மந்திரிமார் ஏழைகள் மேல் தள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1259-இல் நோவ்கொரோத்தில் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி தானே நின்று கணக்கெடுக்க வைத்தபோது அதுதான் நடந்தது. பெரியவர்கள் தங்களுக்கு இலேசாகவும் சிறியவர்களுக்குக் கேடாகவும் ஏற்பாடு செய்துகொண்டார்கள் என்று அந்த ஊர் ஏடு குறித்து வைத்திருக்கிறது.

கான்கள் அதிகமாகிவிட்டால்

உங்கள் பேரன் காலத்துக்கு ஒரு குறிப்பு. 1359-க்குப் பிறகு ஓர்தாவில் கொலை மேல் கொலை விழுந்து, 20 வருடத்தில் 20-க்கும் மேற்பட்ட கான்கள் வந்து போனார்கள். அப்போது யார்லிக் மலிந்துவிடும். ஒருவரிடம் வாங்கினால் இன்னொருவர் வேறு ஆளுக்குக் கொடுப்பார். அந்த நிலையில் பத்திரத்தைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். 1371-இல் த்வேர் இளவரசர் இன்னொரு மிகயில், ஓர்தாவில் கான்களை ஆட்டிவைத்த மமாய் தரப்பில் யார்லிக் வாங்கிக்கொண்டு தூதரோடு வந்தார். மாஸ்கோவின் திமீத்ரி சொன்னது: யார்லிக் கேட்க நான் வர மாட்டேன், விளாதிமிருக்குள் உன்னை விடவும் மாட்டேன், தூதரே உமக்கு வழி திறந்திருக்கிறது. தூதரை மட்டும் மாஸ்கோவுக்கு அழைத்து அன்பளிப்பால் குளிப்பாட்டி அனுப்பினார். அதே வருடம் தானே மமாயிடம் போய் விஷயத்தைச் சரிக்கட்டிக்கொண்டார். அப்பா வாங்கிய பத்திரத்துக்காக மிகயிலின் மகன் இவான் ஓர்தாவில் பெருங்கடனில் மாட்டிக்கொண்டிருந்தான். திமீத்ரி 10,000 ரூபிள் கொடுத்து அந்தக் கடனைத் தீர்த்து, பையனைத் தன்னோடு மாஸ்கோவுக்கு அழைத்து வந்து பேராயர் வளாகத்தில் உட்கார வைத்துவிட்டார். சமாதானம் ஆகும் வரை பையன் அங்கேதான் இருந்தான். மிகயிலும் தான் பிடித்து வைத்திருந்த ஊர்களிலிருந்து தன் ஆட்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

பங்காளியின் கடன்பத்திரம் விலைக்கு வந்தால் வாங்கிப் போடுங்கள். யார்லிக்கை விட அது உறுதியானது.